மேடையில் ராக் இசைக்குழுவைப் படம் எடுக்கும்போது வரும் பிழைகள்: அறிகுறி பார்த்துத் திருத்தும் வழி

சனிக்கிழமை இரவு கொழும்பில் எங்காவது ஒரு ராக் நிகழ்ச்சி நடந்தால், ஞாயிறு காலை என் ஃபோன் அடிக்கும். "அண்ணா, படமெல்லாம் கோடு கோடா விழுந்திருக்கு. கமரா பழுதாப் போச்சா?" வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பல வருடமாக இப்படித் தம்பிமாரின் படங்களைப் பார்த்து வருகிறேன். ஏழெட்டுப் பிழைகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. உண்மையில் கமரா கெட்டுப்போனவை மிகக் குறைவு. மேடை விளக்கால் வருவது பாதி, நம் கையால் வருவது மீதி. புது லென்ஸுக்குக் காசு சேர்க்கத் தொடங்குமுன் இதை ஒருமுறை பாருங்கள். உங்கள் படத்தில் என்ன தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேரே போகலாம். ஒவ்வொன்றிலும் செலவில்லாத காரணத்தை முதலிலும் செலவு கூடியதைக் கடைசியிலும் வைத்திருக்கிறேன்.

## எதற்கும் முன் ஒரு சோதனை

மறுநாள் பகலில், பல்கனி நிழலில், ஒரு வீரகேசரிப் பத்திரிகைப் பக்கத்தைச் சுவரில் ஒட்டுங்கள். கமராவை ஒரு மேசை மீது அசையாமல் வைத்து, ஐ.எஸ்.ஓ. (கமரா வெளிச்சத்தை உணரும் அளவு) 400, ஷட்டர் (திறந்திருக்கும் நேரம், நொடியில்) 1/1000 அளவில் பத்துப் படம் எடுங்கள். வெளிச்சத்துக்கு ஏற்றபடி அப்பர்ச்சரை (லென்ஸ் துவாரத்தின் அளவை) வைத்துக்கொள்ளலாம்.

நேற்றிரவுப் பிழை இங்கேயும் தெரிந்தால் சந்தேகம் கருவி மீது. தெரியாவிட்டால் கருவி நல்லது. பிழை விளக்கிலோ கையிலோதான். இந்தச் சோதனை செய்யாமல் யாரும் கடைக்குப் போக வேண்டாம் என்பது என் பிடிவாதம்.

## அறிகுறி: படத்தில் கறுப்புக் கோடுகள், பட்டைகள்

அதிகம் வரும் முறைப்பாடு இதுதான். மேடைகள் எல்.ஈ.டி. விளக்குக்கு மாறிய பிறகு இது இன்னும் கூடிவிட்டது. நம் கண்ணுக்குத் தொடர்ந்து எரிவது போலத் தெரியும் அந்த விளக்கு, உண்மையில் வேகமாக அணைந்து அணைந்து எரிகிறது. பழைய இழை பல்புகள் இந்தத் தொல்லை தருவதில்லை.

சத்தமில்லாத ஷட்டர் போட்டிருக்கிறீர்களா? மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத) கமரா என்றால் முதலில் மெனுவில் இதைப் பாருங்கள். படத்தை வரி வரியாகப் பதியும் அந்த எலெக்ட்ரோனிக் ஷட்டரை நிறுத்தி மெக்கானிக்கலுக்கு மாறினாலே பெரும்பாலானோரின் கோடுகள் போய்விடும். ட்ரம்ஸ் குச்சி வில் போல வளைந்து தெரிவதும் கிட்டார் கம்பி அலை அலையாகத் தெரிவதும் இதே காரணத்தால்தான். ஸ்பீக்கர் அதிரும் இடத்தில் ஷட்டர் சத்தம் யாருக்கும் கேட்கப்போவதில்லை; பயப்படாமல் மெக்கானிக்கலில் எடுங்கள்.

மாறியும் போகவில்லையா? ஷட்டரை 1/100-க்கு இறக்குங்கள். இலங்கையில் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். அதனால் மின்னோட்டத்தோடு சேர்ந்து துடிக்கும் விளக்கு நொடிக்கு 100 தடவை துடிக்கும். 1/100-இல் ஒரு முழுத் துடிப்பு படத்துக்குள் வந்துவிடும். திறந்தவெளியில் ஜெனரேட்டரில் ஓடும் மேடை என்றால் இது முழுதாக ஒத்துவராமல் மெல்லிய கோடு மிஞ்சலாம்; 1/50 வரை இறங்கிப் பாருங்கள்.

1/100-இல் ஆள் அசைவாரே என்பீர்கள். அசைவார்தான். ஆனால் பாட்டுக்கு நடுவே ஆள் அசையாமல் நிற்கும் இடங்கள் இருக்கின்றன. பாடகர் நீண்ட சுரத்தைப் பிடித்துக்கொண்டு கண் மூடும் நொடி, கிட்டார்காரர் குதித்து உச்சியில் நிற்கும் கணம், ட்ரம்மர் கடைசி அடிக்குக் கையை ஓங்கி வைத்திருக்கும் தருணம். பாட்டைக் காதால் கேட்டுக்கொண்டு எடுத்தால் இந்த இடங்கள் முன்கூட்டியே தெரியும். இசைக்குழுவின் பாட்டுகளை முந்தின நாள் நாலு தடவை கேட்டுவிட்டுப் போங்கள். எந்த லென்ஸும் அந்த அளவுக்கு உதவி செய்யாது.

1/100-இலும் கோடு நிற்கிறதா? கமராவின் ஃப்ளிக்கர் குறைப்பை (விளக்கின் துடிப்புக்கு ஏற்ற நேரம் பார்த்துப் படம் எடுக்கும் வசதியை) இயக்குங்கள். கெனன் 2014-இல் 7டி மார்க் 2 கமராவில் கொண்டுவந்த வசதி இது. பிறகு மற்றவர்களும் கொடுத்தார்கள். ஆனால் இந்த வகை, நொடிக்கு 100 அல்லது 120 தடவை துடிக்கும் விளக்குக்குத்தான். எல்.ஈ.டி. அதைவிடப் பல மடங்கு வேகமாகத் துடித்தால் பயனில்லை. சில புதிய மிரர்லெஸ் கமராக்களில் ஷட்டர் வேகத்தை நுணுக்கமாக, தசமத்தில் மாற்றலாம். திரையைப் பார்த்துக்கொண்டே பட்டை மறையும் வரை மெல்ல நகர்த்துங்கள்.

பின்னால் எல்.ஈ.டி. திரை இருக்கிறதா? கோடு திரையில் மட்டும் விழுந்து ஆள் மீது விழவில்லை என்றால் நகர்ந்து நில்லுங்கள். பக்கவாட்டிலிருந்து எடுத்தால் பின்னணியில் திரைக்குப் பதிலாக இருட்டு வரும்.

பகல் சோதனையிலும் பட்டை இருக்கிறதா? அப்படியானால் விஷயம் வேறு. வெள்ளைச் சுவரைப் பகல் வெளிச்சத்தில் 1/1000, 1/2000, 1/4000 என எடுத்துப் பாருங்கள். வேகம் கூடக்கூடப் படத்தின் ஒரு பக்கம் இருண்டு வந்தால் ஷட்டர் திரை தளர்ந்துவிட்டது. நடுத்தரக் கமராவின் ஷட்டர் பெரும்பாலும் 1 இலட்சம் தடவை அளவுக்கே கணக்கிட்டுச் செய்யப்படுகிறது. வேகமாகத் தொடர்ந்து எடுப்பவருக்கு அது பெரிய எண் இல்லை. இங்கே நிறுத்திவிட்டுத் திருத்துபவரிடம் கொண்டுபோங்கள். ஷட்டரை நீங்களாகத் தொடவே கூடாது.

ஒரு தம்பி இந்தக் கோடுகளைப் பார்த்துவிட்டு லென்ஸ்தான் காரணம் என்று புது லென்ஸ் வாங்கினார். அடுத்த சனிக்கிழமை அதே கோடுகள். அந்தக் காசு அவருடைய இரண்டு மாதச் சேமிப்பு. அதை நினைத்துத்தான் இந்தப் பகுதியை இவ்வளவு நீளமாக எழுதினேன்.

## அறிகுறி: முகம் முழுக்க ஒரே சிவப்பு, அல்லது ஒரே நீலம், மூக்கும் கன்னமும் தெரியவில்லை

விளக்குக்காரரிடம் பேசினீர்களா? சாதாரணமாக யாருக்கும் தோன்றாத வழி இது, செலவும் இல்லை. நிகழ்ச்சி தொடங்குமுன் லைட் போடும் மல்லியிடம் (சிங்களத்தில் தம்பி) போய், இரண்டாவது பாட்டில் முன்பக்கம் கொஞ்சம் வெள்ளை தர முடியுமா என்று மரியாதையாகக் கேளுங்கள். முடியாது என்று யாரும் என்னிடம் சொன்னதில்லை. படம் ஒன்றிரண்டை அவருக்கும் அனுப்பிவைப்பேன்.

ஹிஸ்டோகிராம் (படத்தின் வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடம்) எதைப் பார்க்கிறீர்கள்? ஒற்றை வெள்ளைக் கோடு உங்களை ஏமாற்றும். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியாகக் காட்டும் ஹிஸ்டோகிராமுக்கு மாற்றுங்கள். சிவப்பு மட்டும் வலது சுவரில் முட்டி நின்றால் வெளிச்சத்தை 1 முதல் 1½ ஸ்டொப் குறையுங்கள் (1 ஸ்டொப் குறைத்தால் வெளிச்சம் பாதியாகும்). திரையில் படம் இருட்டாகத் தெரிந்தாலும் பரவாயில்லை; கன்னத்தின் வடிவம் உள்ளே காப்பாற்றப்பட்டிருக்கும்.

ஜேபெக்கிலா எடுத்தீர்கள்? மேடைக்கு ரோ ஃபைல்தான் (கமரா பதிந்ததைச் சுருக்காமல் அப்படியே வைக்கும் ஃபைல்). வைட் பலன்ஸை (நிறச் சமநிலையை) ஓட்டோவில் விடாமல் 4000 கெல்வின் பக்கம் நிறுத்துங்கள். திருத்தும்போது கலர் புரொஃபைலை நியூட்ரலுக்கு மாற்றி, மிஞ்சி நிற்கும் அந்த நிறத்தின் செறிவை இறக்குங்கள்.

அப்படியும் மீளவில்லையா? கறுப்பு வெள்ளையாக்குங்கள். சிவப்பு விளக்கில் எடுத்த படத்தில் தோலின் விவரம் பச்சைப் பகுதியில்தான் ஒளிந்திருக்கும். கறுப்பு வெள்ளைக் கலவையில் பச்சையைக் கூட்டிச் சிவப்பைக் குறைத்தால் முகம் வெளியே வரும். ராக் மேடைக்கு அது குறைந்த படமே இல்லை. கில்ட்ஃபோர்ட் கிரசண்டில் 1953-இல் திறந்த லயனல் வென்ட் அரங்கு, பியானோ கலைஞராகவும் புகைப்படக் கலைஞராகவும் இருந்த ஒருவரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. இசையையும் கறுப்பு வெள்ளைப் படத்தையும் ஒருசேர நேசித்தவரின் பெயர் நம் நகரத்தில் ஒரு மேடைக்கு இருப்பது எனக்கு எப்போதும் பெருமை.

இந்த அறிகுறிக்காகக் கடைக்குப் போக வேண்டிய தேவையே வராது.

## அறிகுறி: படம் மங்கல்

மங்கல் என்று ஒரே சொல்லில் சொன்னாலும் அது மூன்று வகை. கணினியில் 100 சதவீதம் பெரிதாக்கிப் பார்த்துப் பிரித்துக்கொள்ளுங்கள்.

### மைக் ஸ்டாண்ட் தெளிவு, ஆள் மங்கல்

ஆள் அசைந்திருக்கிறார். லென்ஸின் அதிர்வுக் குறைப்பு உங்கள் கையைத்தான் பிடித்து நிறுத்தும், பாடகரை அல்ல. நின்று பாடுபவருக்கு 1/250, ஓடித் திரிபவருக்கு 1/500. நம் ஊர் ஸ்டிக்மாட்டா குழு போல மெட்டல் வாசிப்பவர்கள் தலைமுடியைச் சுழற்றும் இடத்தில் 1/500-க்குக் கீழே போனால் முகம் கிடைக்காது. கோடு விழும் விளக்கு இருந்தால் மட்டும் மேலே சொன்ன 1/100-க்குத் திரும்புங்கள். இரண்டுக்கும் நடுவில் எது நடக்கும் என்பதை முதல் பாட்டிலேயே எடுத்துப் பார்த்து முடிவு செய்துவிட வேண்டும்.

### மைக் தெளிவு, கண் மங்கல்

ஃபோகஸ் தவறான இடத்தில் விழுந்திருக்கிறது. ஃபுல் ஃப்ரேம் கமராவில் 85 மில்லிமீட்டர் லென்ஸின் அப்பர்ச்சரை எஃப் 1.8-இல் (எண் குறையக் குறையத் துவாரம் பெரிது) வைத்து 3 மீட்டர் தூரத்தில் நிற்பவரை எடுத்தால், தெளிவாக விழும் ஆழம் ஒரு சாண்கூட வராது. மைக்கில் பிடித்தால் கண் போய்விடும்.

முதலில், ஃபோகஸ் புள்ளியைக் கமராவின் விருப்பத்துக்கு விடாதீர்கள். ஒரே புள்ளியைத் தேர்ந்து, அதை மைக் மறைக்காத கண் மீது வையுங்கள். பிறகு, ஆள் நகர நகரக் கூடவே பின்தொடரும் தொடர் ஃபோகஸுக்கு மாறுங்கள். நிக்கோனிலும் சோனியிலும் ஏ.எஃப்.-சி, கெனனில் சேர்வோ. கண்ணைத் தானாகத் தேடும் வசதி நல்லதுதான், ஆனால் புகை போடும் மேடையிலும் மைக் முகத்தை மறைக்கும்போதும் அது தடுமாறும்; அப்போது தயங்காமல் ஒற்றைப் புள்ளிக்கு வந்துவிடுங்கள். புகை அடர்ந்திருந்தால் புள்ளியை கிட்டாரின் விளிம்பு, சட்டைக் கொலர் போன்ற கோடு உள்ள இடத்தில் வையுங்கள். கடைசியாக, அப்பர்ச்சரை 1.8-இலிருந்து 2.8-க்கு மூடினால் ஆழம் கூடும்.

தொடக்க காலத்தில் ஒரு 50 மில்லிமீட்டர் லென்ஸ் தெளிவில்லை என்று நினைத்து விற்றுவிட்டேன். வாங்கிய நண்பர் அதே லென்ஸில் எடுத்த படத்தைக் காட்டியபோது பாடகியின் இமை மயிரை எண்ணலாம் போல இருந்தது. நான் புள்ளியைக் கமராவிடம் விட்டிருந்தேன், அவர் விடவில்லை. வேறு வித்தியாசம் எதுவும் இல்லை.

### எதுவுமே தெளிவில்லை

கை நடுக்கமா என்று முதலில் பாருங்கள்; பேஸ் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் மேடைப் பலகை மீது முழங்கை ஊன்றினால் அந்த அதிர்வும் படத்துக்குள் வரும். பிறகு சுவரில் ஒட்டிய பத்திரிகைக்கு வாருங்கள். டி.எஸ்.எல்.ஆர். (உள்ளே கண்ணாடி உள்ள கமரா) என்றால் வியூஃபைண்டர் (கண் வைத்துப் பார்க்கும் துவாரம்) வழியாகவும் லைவ் வியூ (பின் திரை) வழியாகவும் எடுத்து ஒப்பிடுங்கள். லைவ் வியூ தெளிவு, வியூஃபைண்டர் மங்கல் என்றால் மெனுவில் ஃபோகஸ் நுண்சரிசெய்தல் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் நீங்களே திருத்தலாம், இல்லாவிட்டால் கடை. பத்திரிகையின் ஒரே பக்கம் எப்போதும் மங்கலாக வந்தால் லென்ஸ் எங்கோ அடி வாங்கி உள்ளே கண்ணாடி நகர்ந்திருக்கிறது. அதுவும் கடைக்குத்தான்.

## அறிகுறி: வெளியே வந்ததும் லென்ஸ் வியர்க்கிறது

ஏசி போட்ட காரிலோ ஹோட்டல் மண்டபத்திலோ இருந்துவிட்டுக் காலிமுகத்திடலில் இறங்கிக் கமராவை எடுத்தால் படம் பால் போல வெளுத்து வரும். கொழும்பின் ஈரக்காற்று சுமார் 24 பாகைக்குக் கீழே குளிர்ந்த எதன்மீதும் நீராகப் படிந்துவிடும். பழுது எதுவும் இல்லை.

துடைக்காதீர்கள், துடைத்த நொடியே மறுபடி படியும். லென்ஸைக் கழற்றவே கழற்றாதீர்கள். ஈரம் சென்சருக்கு (படம் பதியும் சில்லுக்கு) போகும். ஹேர் ட்ரையர் வேண்டாம். பையின் ஸிப்பைத் திறக்காமல் வெளியே அரை மணி நேரம் வையுங்கள். அதனால்தான் நிகழ்ச்சிக்கு முக்கால் மணி நேரம் முன்னதாகப் போய்ச் சேருவது என் வழக்கம். காரில் போகும்போதே பையை ஏசி காற்று படாத பின்பகுதியில் வைத்தால் இன்னும் நல்லது.

கடற்கரை மேடை என்றால் வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் நனைத்து நன்றாகப் பிழிந்த துணியால் கமராவின் உடலைத் துடைத்து, பிறகு உலர்ந்த துணியால் துடையுங்கள். உப்புக்காற்று மறுநாளுக்குக் காத்திருக்காது.

ஆவி வெளிக்கண்ணாடியில் இல்லாமல் லென்ஸுக்குள்ளே தெரிந்து, சில மணி நேரம் கழித்தும் போகவில்லை என்றால் திருத்துபவரிடம் கொடுங்கள். தாமதித்தால் அடுத்த அறிகுறிக்குப் போய்விடும்.

## அறிகுறி: விளக்கைச் சுற்றி வெள்ளைப் புகை, அல்லது இருட்டில் பச்சைப் புள்ளிகள்

யூ.வி. ஃபில்டரைக் கழற்றுங்கள். மேடை விளக்கு அந்தத் தட்டைக் கண்ணாடியில் பட்டுத் திரும்பி, படத்தின் எதிர்ப்பக்கத்தில் ஆவி போல விழுகிறது. அடுத்து, முன் கண்ணாடியில் விரல் ரேகை இருக்கிறதா பார்த்து மென்துணியால் துடையுங்கள். அடுத்து ஹூட் (லென்ஸின் முன் மாட்டும் நிழல் வளையம்) போடுங்கள்.

மூன்றுக்கும் அசையவில்லை என்றால் லென்ஸைக் கழற்றி, அப்பர்ச்சரைத் திறந்து, பின்பக்கமிருந்து டோர்ச் அடித்துப் பாருங்கள். சிலந்தி வலை போல நூல் நூலாகத் தெரிந்தால் பூஞ்சை. நம் ஊர் ஈரத்தில் அலுமாரிக்குள் பூட்டி வைத்த லென்ஸுக்கு இது வராமல் இருப்பதே அதிசயம். ஆரம்பத்தில் கொடுத்தால் சுத்தம் செய்துவிடுவார்கள். விட்டுவிட்டால் பூஞ்சை கண்ணாடியின் பூச்சைத் தின்றுவிடும், பிறகு துடைத்தாலும் தடம் நிற்கும். தோல் உறைக்குள் வைக்காதீர்கள். காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டி, சிலிக்கா ஜெல், உள்ளே ஒரு சிறிய ஈரப்பத மானி. 40-50 சதவீதத்தில் நிற்கட்டும். ஜெல் நிறம் மாறினால் காயவைத்து மறுபடி போடுங்கள்.

## அறிகுறி: எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் ஒரு புள்ளி அல்லது நேர்கோடு

லென்ஸ் மூடியைப் போட்டு ஒரு படம் எடுங்கள். புள்ளி அங்கேயும் இருந்தால் அது சென்சரின் பழுது. மூடி போட்டதும் மறைந்தால் பெரும்பாலும் தூசு. காற்றுப் பந்தால் ஊதிப் பாருங்கள், வாயால் ஊதாதீர்கள்.

ஓரிரு புள்ளி என்றால் மெனுவில் பிக்சல் மேப்பிங் (பழுதான புள்ளியைக் கமராவே மறைக்கும் வசதி) இருக்கிறதா பாருங்கள், அதிலேயே மறைந்துவிடலாம். முழு நீளக் கோடு என்றால் யோசித்துப் பாருங்கள்: மேடையில் லேசர் இருந்ததா? லேசர் கதிர் நேராக லென்ஸுக்குள் விழுந்தால் ஒரு நொடிகூட வேண்டாம், சென்சர் எரிந்துவிடும். டி.எஸ்.எல்.ஆரில் படம் எடுக்காத நேரம் கண்ணாடி சென்சரை மறைத்து நிற்கும். மிரர்லெஸ்ஸிலும் வீடியோ எடுக்கும்போதும் அந்த மறைப்பு இல்லை. எந்த ஃபில்டரும் இதைத் தடுக்காது. சென்சர் மாற்றும் செலவுக்குப் பழைய கமரா ஒன்றே வாங்கிவிடலாம் என்ற நிலை வரும். திருத்தச் சொல்லுமுன் விலை கேளுங்கள்.

நிகழ்ச்சிக்குப் போனதும் நான் விளக்குக்காரரிடம் கேட்கும் முதல் கேள்வி வெள்ளை விளக்கைப் பற்றியது அல்ல, லேசர் இருக்கிறதா, எந்தப் பாட்டில் என்பதுதான். அந்தப் பாட்டில் கமராவை இறக்கி மூடி போட்டுவிடுவேன். நீங்களும் தயவுசெய்து அப்படிச் செய்யுங்கள். உங்கள் கண்ணுக்கும் அதே ஆபத்துதான்.

## அறிகுறி: ஒரு படம் வெளுப்பு, அடுத்தது இருட்டு

கறுப்புப் பின்னணியைப் பார்த்துக் கமரா வெளிச்சத்தைக் கூட்டுகிறது. மனுவலுக்கு (எல்லாவற்றையும் நாமே அமைக்கும் முறைக்கு) மாறுங்கள். எஃப் 2.8, 1/250, ஐ.எஸ்.ஓ. 3200 என்று தொடங்கி, முகத்தைப் பார்த்து ஐ.எஸ்.ஓ.வை மட்டும் ஏற்றி இறக்குங்கள்.

## அறிகுறி: படம் மணல் மணலாக இருக்கிறது

ஐ.எஸ்.ஓ.வுக்குப் பயந்து 800-இல் எடுத்துவிட்டுக் கணினியில் வெளிச்சம் கூட்டியிருப்பீர்கள். அது 3200-இல் சரியாக எடுப்பதைவிட மோசமாக வரும் கமராக்கள் நிறைய. 6400 வரை போங்கள். மணலோடு இருக்கும் தெளிவான முகத்தை இசைக்குழு வைத்துக்கொள்ளும். மணலில்லாத மங்கல் முகத்தை யாரும் கேட்பதில்லை. ஃப்ளாஷ் போட வேண்டாம். முதல் மூன்று பாட்டு மட்டும், ஃப்ளாஷ் இல்லாமல் என்பது உலக மேடைகளில் பழகிப்போன விதி. இங்கே கேட்காவிட்டாலும் வாசிப்பவரின் கண் கூசும்.

## அறிகுறி: கார்ட்டைப் படிக்க முடியவில்லை என்கிறது கமரா

அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். ஃபோர்மட் செய்யவா என்று கேட்டால் வேண்டாம். கார்ட்டை வெளியே எடுத்துப் பையில் தனியாக வைத்துவிட்டு வேறு கார்ட்டில் தொடருங்கள். அதே கார்ட்டில் இன்னொரு படம் எடுத்தாலும் பழைய படத்தின் மேல் எழுதப்படலாம்.

வீட்டில் முதலில் வேறு கார்ட் ரீடரில் போட்டுப் பாருங்கள். ரீடர்தான் பழுது என்று பலமுறை கண்டிருக்கிறேன். பிறகு ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருளை ஓட்டுங்கள். மீட்ட படங்களை அதே கார்ட்டில் அல்ல, கணினியில் சேமியுங்கள். கார்ட் கணினிக்கே தெரியவில்லை, அல்லது தொட்டால் சுடுகிறது என்றால் மேலும் முயலாமல் தரவு மீட்பவரிடம் கொடுங்கள். அது செலவான வேலை. திரும்ப எடுக்க முடியாத இரவு என்றால் மட்டும் யோசியுங்கள்.

புறக்கோட்டை நடைபாதையில் மலிவாகக் கிடைக்கும் 128 ஜிபி கார்ட், உள்ளே 16 ஜிபியாக இருக்கலாம். நிரம்பும்வரை நன்றாக வேலை செய்வது போலவே இருக்கும். புதுக் கார்ட் எதை வாங்கினாலும், விண்டோஸ் என்றால் எச்2டெஸ்ட்டபிள்யூ, மேக் என்றால் எஃப்3 கொண்டு முழுதாக எழுதிப் படித்துப் பார்த்த பிறகே மேடைக்குக் கொண்டுபோங்கள்.

## கடைக்குப் போவது என்று முடிவானால்

உத்தரவாதக் காலம் இருந்தால் முகவரிடமே போங்கள். வெளியே ஒருமுறை திறந்தால் உத்தரவாதம் போய்விடலாம். பிழை தெரியும் மூன்று ரோ ஃபைல்களையும் பத்திரிகைச் சோதனைப் படங்களையும் ஒரு பென் டிரைவில் கொண்டுபோங்கள். "மங்கலா வருது" என்று சொல்வதைவிட, "எந்த லென்ஸ் போட்டாலும் 1/2000-க்கு மேல் இடது பக்கம் இருளுது" என்று சொன்னால் திருத்துபவருக்குப் பாதி வேலை முடிந்துவிடும். தொடுமுன் விலை சொல்லச் சொல்லுங்கள். கமராவின் தொடர் எண்ணை ரசீதில் எழுதி வாங்குங்கள். பற்றரியையும் கார்ட்டையும் வார்ப்பட்டியையும் கழற்றி வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.